எட்டு வயதில் மூப்பர் ஆனவன்

கஸ்பர் அண்ணையை நான் முதலில் கண்டபோது அவர் நிலத்தில் மல்லாந்து கிடந்தார். தை மாதம். கனடாவில், ஸ்காபரோவின் வெக்ஸ்போர்ட்டில் நான் வாடகைக்கு இருந்த பேஸ்மென்ற்றில் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் நின்றுபோய், நான் இரண்டு ஜக்கெற்றுக்குள் குந்தியிருந்தேன். திருத்த வந்தவர் தலையை அந்த இயந்திரத்தின் வயிற்றுக்குள் விட்டுவிட்டுக் கால்களை மட்டும் வெளியே நீட்டியிருந்தார். வீட்டுக்காரி பேபி அன்ரி படியிறங்கி வந்தார். பேபி அன்ரி யாருக்கும் மரியாதை கொடுத்து நான் பார்த்ததில்லை. பங்குச் சுவாமியாரையே 'உந்தப் பொடியன்' என்பார். அப்படிப்பட்டவர் அந்தக் கால்களைக் கண்டதும் சால்வையை இழுத்துப் போர்த்தி, குரலைத் தாழ்த்தி, "மூப்பர், தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்றார்.

"வேண்டாம் அன்ரி. ஒரு ரோச் லைற் இருந்தாத் தாங்கோ" என்றன கால்கள்.

என் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். என் பட்டத்துக்காக என் ஊரில் ஒருவரும் சால்வையை இழுத்துப் போர்த்தியதில்லை. ஒரு பரீட்சையும் எழுதாமல் அந்தக் கால்களுக்கு எப்படி இந்த மரியாதை வந்தது என்று அறிய விரும்பினேன். அவரிடமும் மற்றவர்களிடமும் கேட்டு அறிந்ததை எழுதுகிறேன். இனி அவரை 'அவன்' என்றே எழுதப்போகிறேன். ஓர் ஆயுளுக்கான மரியாதையை எட்டு வயதிலேயே வாங்கி முடித்துவிட்டதால் அவருக்கு அதில் மனத்தாங்கல் இல்லையாம்.

சங்குமுனை என்பது யாழ்ப்பாணத்துத் தீவொன்றின் நுனியில் கிடக்கும் கத்தோலிக்கக் கிராமம். இன்று அங்கே மனிதரைவிட ஆடுகள் அதிகம். மனிதர்கள் ஸ்காபரோவில் இருக்கிறார்கள். ஊரின் காவல் புனிதர், குதிரையேறிய சந்தியோகுமையோர். அவருடைய திருநாளில் கொடியேற்றி, வெள்ளிப்பூண் போட்ட பிரம்பைப் பிடித்துக்கொண்டு சொரூபத்துக்கு முன்னால் நடக்கும் உரிமை ஒரே ஒரு குடும்பத்துக்கு உண்டு. அந்த ஆளுக்குப் பெயர் மூப்பர். வலையில் முதல் மீன், பந்தியில் முதல் இலை, சண்டையில் கடைசி வார்த்தை மூன்றும் அவருக்கே. மூப்பர் ஆவதற்கு வேண்டிய தகுதி, மூப்பருக்கு மூத்த மகனாகப் பிறந்திருப்பது. வேறு தகுதி இருந்தாலும் குற்றமில்லை; இதுவரை யாருக்கும் இருந்ததில்லை.

கஸ்பரின் தகப்பன் அமிர்தநாதர் அகதியாகக் கனடாவுக்கு வந்தபோது பிரம்பும் கூட வந்தது. வழியில் ஒரு விமான நிலையத்தில், இது என்ன என்று அதிகாரி கேட்டார். அமிர்தநாதரிடம் இருந்த ஆங்கிலத்தில் பரம்பரை உரிமையை விளக்க இடம் போதவில்லை. 'லெக்' என்று சொல்லி நொண்டிக் காட்டினார். பிறகு அதை நிறுத்த முடியவில்லை. அவருடைய அகதி வழக்குக்கு மொழிபெயர்த்த மனிதர் பார்க்டேலில் இவர் இருந்த அதே கட்டடத்தில், அதே மாடியில் குடியிருந்தார். வழக்கு முடியும்வரை அமிர்தநாதர் குப்பை போடப் போனாலும் நொண்டிக்கொண்டே போனார். வழக்கு நடக்கும்போதே வந்து சேர்ந்த மனைவி திரேசம்மா, சண்டையில் கால் போய்விட்டதென்று விமான நிலையத்திலேயே ஒப்பாரி வைத்தார். 'வீட்டை போய்ச் சொல்லுறன், வாயைப் பொத்து' என்று மூப்பர் பல்லைக் கடித்தார்.

கஸ்பருக்கு எட்டு வயதாகியிருந்த மாரியில், வேலைத்தலத்தின் தரிப்பிடத்தில் காரின் மேல் கிடந்த பனியைத் தட்டிக்கொண்டு நின்ற அமிர்தநாதர் அப்படியே சாய்ந்தார். மாரடைப்பு.

பிரம்பு ஆளில்லாமல் ஓர் இரவும் கிடக்கக்கூடாது என்பது சங்குமுனை முறை. முறை தெரிந்தவர் அருள்நாயகம். ஊரில் எது செய்வதென்றாலும் அவரிடம் கேட்பார்கள். அவர் கண்ணை மூடி, 'முறை இருக்கு' அல்லது 'முறை இல்லை' என்பார். சவச்சாலையில் அவர் பெட்டியின் மேலிருந்த பிரம்பை எடுத்து, ஜூஸ் குடித்துக்கொண்டு நின்ற பையனிடம் நீட்டினார்.

"பிடியுங்கோ மூப்பர்."

பையன் ஜூஸை எங்கே வைப்பதென்று தாயைப் பார்த்தான். பிரம்பு அவனைவிட உயரம். மீசை வைத்த மனிதர்கள் வரிசையில் வந்து அவன் கையைத் தொட்டுவிட்டுப் போனார்கள். அவனுக்கு அது பிடித்திருந்தது. தகப்பன் செத்த அன்று ஒன்று பிடித்திருந்தது என்பதை அவன் நெடுங்காலம் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் ஆசிரியை துக்கம் விசாரித்தபோது, தான் இப்போது ஒரு ஊருக்குத் தலைவன் என்று மூன்றாம் வகுப்புக்கு அறிவித்தான். அவனை உளநல ஆலோசகரிடம் அனுப்பினார்கள். அந்தப் பெண் ஒரு படம் வரையச் சொன்னார். சின்னப் பையன் ஒருவனையும் பெரிய தடி ஒன்றையும் வரைந்தான். அடுத்த வருடம் முழுவதும் அவனைக் கிழமைக்கு ஒருமுறை அழைத்து, வீட்டில் யாராவது அடிக்கிறார்களா என்று இதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

முறைக்குள் இன்னொரு முறை இருந்தது. கலியாணம் கட்டாதவன் கையில் பிரம்பு ஊர்வலம் போகாது. ஏன் என்றால், சந்தியோகுமையோருக்குப் பிடிக்காது என்பார்கள். சந்தியோகுமையோர் கலியாணம் கட்டினவரா என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆகவே பையன் வளரும்வரை பிரம்பைத் தாங்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அமிர்தநாதரின் தம்பி வின்சன்ற் எழுந்து கண்ணைத் துடைத்தார்.

"எனக்கு உது ஒண்டும் வேண்டாம். ஆனா அண்ணையின்ரை பிள்ளைக்காகத் தாங்கிக்கொண்டு நிக்கிறன். பொடியன்ரை கலியாணத்தண்டு கழுத்து மாலையோட கையில குடுப்பன்."

எல்லோரும் அழுதார்கள். வின்சன்ற் 'பதில் மூப்பர்' ஆனார்.

அவர் ஆட்சி நன்றாகவே நடந்தது. ஆடி மாதச் சனிக்கிழமையொன்றில், இரவல் கோயிலொன்றின் கார் தரிப்பிடத்தில் கொடியேறும். வெள்ளை வேட்டியில் வின்சன்ற் பிரம்போடு நடப்பார். பின்னால் சந்தியோகுமையோர் குதிரையில் வருவார். அதற்குப் பின்னால் ஒரு மினிவான் வெளியே போக வழியில்லாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும். முதல் மாலை, முதல் பந்தி, மைக் எல்லாம் பதில் மூப்பருக்கு. தேர்தல் வருடங்களில் வேட்பாளர்கள் வந்து அவருடைய கையைக் குலுக்குவார்கள். எந்தக் கட்சி என்று அவர் கேட்பதில்லை. மேடைக்குப் பின்னால் கட்டும் பனரில் முதல் வருடம் 'பதில்', 'மூப்பர்' என்ற இரண்டு சொற்களும் ஒரே அளவில் இருந்தன. பிறகு 'மூப்பர்' வளர்ந்தது. கஸ்பர் ஹைஸ்கூல் முடித்த வருடம் 'பதில்' என்ற சொல்லை வாசிக்கப் பனருக்குக் கிட்டப் போகவேண்டியிருந்தது. அவன் தொழில் படித்து ஃபேர்னஸும் ஏசியும் திருத்தத் தொடங்கிய காலத்தில், கிட்டப் போனாலும் அது ஈ இலையான் எச்சம்போலத்தான் தெரிந்தது.

சனம் மட்டும் அவனை மறக்கவில்லை. நிலவறைகளில் கரி படிந்து கிடந்தாலும், கூரைகளில் வியர்த்து நின்றாலும் 'மூப்பர்' என்றுதான் அழைத்தார்கள். மரியாதை முதலில் வரும். பிறகு, 'மூப்பர், பில்லில கொஞ்சம் பாத்துப் போடுங்கோ' என்று காரியம் வரும்.

அவனுக்கு இருபத்தேழு வயதானபோது சித்தப்பா பெண் பார்க்கத் தொடங்கினார். தேப்பன் இல்லாத பிள்ளைக்குத் தேப்பனின் தம்பி பார்ப்பதுதான் முறை என்று அருள்நாயகம் கண்ணை மூடிச் சொல்லியிருந்தார். வின்சன்ற் பார்த்ததுபோல் உலகத்தில் எந்தச் சித்தப்பாவும் பெண் பார்த்திருக்கமாட்டார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

மார்க்கம் நகரில் ஒரு பெண். நல்ல குடும்பம், நல்ல வேலை. வின்சன்ற் விசாரித்து வந்து சோபாவில் சாய்ந்தார். "பிள்ளை திறம். ஆனா அவையள் அந்தோனியார் ஊர். நாளைக்குத் திருநாள் எண்டு வரேக்க அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் நிக்கும்?"

மொன்றியலில் ஒரு பெண். "பிரெஞ்சு கதைக்கிற பிள்ளை. ஒருநாளைக்குப் பிரெஞ்சில ஏசினா இவனுக்கு என்னெண்டு விளங்கும்? ஏச்சு விளங்காமல் ஒரு ஆம்பிளை என்னெண்டு குடும்பம் நடத்திறது?"

மூன்றாவது பெண்ணில் ஒரு குறையும் அகப்படவில்லை. வின்சன்ற் ஒரு கிழமை யோசித்தார். தன்னோடு வேலை செய்த சண்முகலிங்கத்துக்குச் சாத்திரம் தெரியும் என்பது நினைவுக்கு வந்தது.

"நாங்கள் வேதக்காரர். சாதகம் பாக்கிறேல்லை" என்று திரேசம்மாவிடம் சொன்னார்.

"ஓம், பாக்கிறேல்லைத்தானே."

"பாத்த இடத்தில பொருத்தம் நல்லதில்லையாம்."

இப்படியே காலம் போனது. திருநாளுக்குத் திருநாள் பதில் மூப்பர் மைக்கில், "எங்கட மூப்பருக்கு ஒரு நல்ல துணை அமைய எல்லாரும் மண்டாடுவம்" என்று முழங்காலில் நிற்பார். சனம் மன்றாடும். தரிப்பிடத்து ஓரத்தில் பந்திக்கு மேசை தூக்கிக்கொண்டு நிற்கும் மூப்பர் தலையைக் குனிந்துகொள்வான்.

செலீனைச் சித்தப்பா பார்க்கவில்லை. அவளுடைய ஏசி பழுதாகியிருந்தது. பாரிசில் வளர்ந்து, ஸ்காபரோப் பள்ளிக்கூடமொன்றில் பிரெஞ்சு படிப்பிக்க வந்தவள். அவன் ஏசியைத் திருத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுக் கிழவர் எட்டிப் பார்த்து, "மூப்பர், முடிச்சிட்டு எங்கட பக்கமும் ஒருக்கா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். அது என்ன பட்டம் என்று அவள் கேட்டாள். அவன் ஸ்குரூவை இறுக்கிக்கொண்டே சொன்னான். அவள் சிரிக்கவில்லை, அதுதான் அவனுக்கு முதலில் பிடித்தது.

"எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில உப்பிடி ஒரு ஆளைப் படிப்பிச்சவை" என்றாள். "பழைய காலத்துப் பிரெஞ்சுப் பிரபு. பேர் மறந்துபோச்சு. தேப்பன் செத்து ஆறு வயசில கோட்டை, காணி, குதிரை எல்லாம் வந்திட்டுது. ஆனா முத்திரை சித்தப்பன்ரை கையில. பிரபு ஆரைக் கட்டுறது எண்டதும் சித்தப்பன்தான் சொல்லோணும்."

"சித்தப்பன் நல்லவரோ?"

"பிரபுவுக்கு நரைக்குமட்டும் பொம்பிளை பாத்தவர். அவ்வளவு நல்லவர்."

"பிறகு?"

"பிரபு வெறுத்துப்போய்ச் சிலுவைப் போருக்குப் போனவர்."

"வெண்டவரோ?"

"போற வழியில வயித்தோட்டத்தில செத்தவர்."

கஸ்பர் ஸ்குரூ ட்ரைவரைக் கீழே வைத்தான். "உங்கட கதையில நல்ல முடிவு ஒண்டும் இல்லையோ?"

"நல்ல முடிவு வந்தால் பரீட்சையில கேள்வி வராது, பிரபு."

அந்த ஏசி அந்தக் கோடையில் இன்னும் பலமுறை பழுதானது. புரட்டாதி வந்து குளிர் தொடங்கிய பிறகும் அவன் அதைப் பார்க்கப் போனான். மாரி முடியும் முன் இருவரும் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். அவளுக்குத் தகப்பனின் சம்மதம் மட்டும் வேண்டும். அதில்லாமல் அவள் வரமாட்டாள். பாரிசில் இருந்த தகப்பன் மறுக்கவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"சம்பந்தம் பெரியாக்கள் கதைக்கிற விசயம். உங்கட பகுதியில ஆர் பெரியாள்? அவரை எனக்கு ஒரு ரெலிபோன் கோல் எடுக்கச் சொல்லும், தம்பி."

திரேசம்மா தானே எடுத்துப் பார்த்தார். மரியாதையாகப் பதில் வந்தது: "நீங்கள் குறை நினையாதேங்கோ. தேப்பன் இல்லாத இடத்தில தேப்பன்ரை தம்பி. அவர் எடுக்காட்டி அவருக்கு விருப்பமில்லை எண்டுதானே நாங்கள் விளங்கோணும்."

ஒரு தொலைபேசி அழைப்பு. அவ்வளவுதான் குறை. கஸ்பர் சித்தப்பாவிடம் போனான்.

"ஐயோ, இதைவிட எனக்கென்ன சந்தோசம். இண்டைக்கே எடுக்கிறன்" என்றார் வின்சன்ற்.

அன்று எடுக்கவில்லை, அங்கே நேரம் வித்தியாசம். அடுத்த கிழமை தவக்காலம் தொடங்கிவிட்டது. தவக்காலத்தில் சம்பந்தம் பேசுவது பாவம். ஈஸ்டர் வந்தது; ஈஸ்டருக்குப் பிறகு களைப்பு. பிறகு அவருடைய போனில் பாரிஸ் நம்பர் அழிந்துபோனது. திரும்பக் கொடுத்தான். அது திரும்ப அழிந்தது.

செலீன் கோபிக்கவில்லை. "பள்ளிக்கூடம் ஆனியில மூடுது. இந்த வீட்டு வாடகை ஒப்பந்தமும் அதோட முடியுது. அதுக்குள்ள அப்பாவுக்கு ஒரு கோல் வராட்டி நான் பாரிசுக்குப் போறன். இப்பவே சொல்லிப்போட்டன், பிறகு நான் ஏமாத்தினது எண்டு சொல்லாதையும்."

"ஒரு கோல்தானே. எடுப்பார்."

"பத்து வருசமாப் பொம்பிளை பாக்கிற மனுசன் எடுப்பார் எண்டு நீர் நம்புறீர். உமக்கு நல்ல மனசு. மூளையைப் பற்றி நான் கதைக்கேல்லை."

வைகாசியில் வெயில் ஏறியதும் சித்தப்பா வீட்டு ஏசியைப் பார்க்கப் போனான். றிச்மண்ட் ஹில்லில் பெரிய வீடு. பிரம்புக்கென்று கண்ணாடி அலுமாரி, உள்ளே தனி விளக்கு. கராஜ் திறந்திருந்ததால் அந்த வழியால் உள்ளே போனான். வரவேற்பறைக் கதவு அரைவாசி திறந்து கிடந்தது. சித்தப்பா உள்ளே தனியாக நின்றார். இடுப்பில் சாரம், மேலே பனியன், கையில் பிரம்பு. திருநாள் பாட்டை மூக்கால் முனகிக்கொண்டு சோபாவைச் சுற்றி ஊர்வலம் போய்க்கொண்டிருந்தார். மூலையில் திரும்பும்போது நடை மெதுவானது. தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் நின்று, ஆயருக்குக் குனிவதுபோல் தலையைச் சற்றே தாழ்த்தினார். திருப்தியில்லை. பின்வாங்கி வந்து திரும்பவும் குனிந்தார்.

கஸ்பர் சத்தமில்லாமல் வெளியே போய், முன்பக்க மணியை அடித்தான். கதவு திறக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. சித்தப்பா ஷேர்ட் போட்டிருந்தார். அலுமாரிக்குள் பிரம்பு நின்றது, விளக்கோடு.

"அவருக்கு உம்மில குறையில்லை. எனக்குக் கெடுதல் செய்யிற எண்ணமும் இல்லை. தடியை விடேலாமல் நிக்கிறார்" என்று அன்று பின்னேரம் செலீனிடம் சொன்னான். "நான் கலியாணம் கட்டினா அது என்ரை கைக்கு வந்திடும். அதுக்குப் பிறகு அவர் றிச்மண்ட் ஹில்லில இருக்கிற ஒரு வின்சன்ற்."

"அப்ப தடியைக் குடுத்திட்டு வாரும்."

"அது அப்பாவின்ரை" என்றான்.

"தெரியும்" என்றாள்.

இரண்டு ஞாயிறு கழித்துச் சித்தப்பாவிடம் நேரே போனான். "சித்தப்பா, நான் கட்டினாலும் பிரம்பை நீங்களே வச்சிருங்கோ."

வின்சன்ற் எழுந்து நின்றார். முகம் சிவந்தது. "என்ன கதை கதைக்கிறாய்? நான் பிரம்புக்கு ஆசைப்பட்டு நிக்கிறன் எண்டோ? அண்ணையின்ரை ஆத்துமம் கேட்டுக்கொண்டிருக்குது. பொதுச்சபை சொல்லாமல் நான் ஒரு நிமிசமும் தொடமாட்டன்." கதவுவரை வந்தபோது குரல் இறங்கியது. "பொதுக்கூட்டம் எப்பவெண்டு தெரியும்தானே? வாற சனி."

சங்குமுனை ஒன்றியத்தின் பொதுக்கூட்டம் கோயிலின் நிலவறை மண்டபத்தில் கூடியது. முதலில் பந்திக்கு ஆட்டிறைச்சியா கோழியா என்பது எடுபட்டது. மதியம்வரை அது முடியவில்லை. மினிவான்காரரை எப்படிச் சமாளிப்பது என்பது அடுத்தது. அதற்குப் பிறகு கஸ்பர் எழுந்தான். மூப்பர் கூட்டத்தில் பேசி ஒருவரும் கேட்டதில்லை.

"நான் மூப்பர் பொறுப்பில இருந்து விலகுறன். சித்தப்பாவே ஆயுளுக்கும் செய்யட்டும்."

பேபி அன்ரி, "என்ரை சந்தியோகுமையோரே" என்று நெஞ்சில் கைவைத்தார். எல்லோரும் அருள்நாயகத்தைப் பார்த்தார்கள். அவருக்கு இப்போது தொண்ணூறு கிட்ட. கண்ணை மூடினார், சிலர் நித்திரை என்று நினைத்தார்கள்.

"மூப்பர் சாகலாம்" என்றார். "மூப்பருக்கு விசர் பிடிக்கலாம். ஒருக்கால் பிடிச்சது. விலகேலாது. முறை இல்லை."

ஒன்றியத்தின் செயலாளர் றொய்சன் கணக்காளர், இங்கே படித்த பிள்ளை. "அங்கிள், simple ஆ ஒரு election வைப்பமே" என்றான்.

"சந்தியோகுமையோரைத் தேர்தல் வச்சோ எடுத்தது?" என்று பின்வரிசையில் யாரோ கேட்டார்கள். றொய்சன் கணக்குக் கொப்பியைத் திறந்து குனிந்துகொண்டான்.

முன்வரிசையில் வின்சன்ற் முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். விலக முடியாது, விலகாவிட்டால் பாரிசுக்கு அழைப்பு போகாது, ஆனி பிறந்துவிட்டது, செலீன் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டாள்.

அப்போது பெண்கள் பக்கத்தில் திரேசம்மா எழுந்தார். முப்பது வருடமாக இந்தக் கூட்டங்களுக்குப் பலகாரம் கொண்டு வந்த மனுசி. ஒரு சொல் சொன்னதில்லை.

"அருள்நாயகம் அண்ணை, ஒண்டு கேக்கிறன். என்ரை மாமா மூப்பரா இருக்கேக்க, திருநாளண்டு அவர் கடலில நிண்ட வருசம் பிரம்பு ஆர் பிடிச்சது?"

"அவரின்ரை தம்பி."

"மாமா செத்துப்போனவரோ?"

"இல்லை, பிள்ளை."

"விசரோ?"

"அது அவரின்ரை தேப்பனுக்கு. இவர் தொழிலுக்குப் போனவர்."

"எத்தினை திருநாள் அப்பிடிப் போனவர்?"

அருள்நாயகம் கண்ணைத் திறந்தார். "கன திருநாள். அந்த நாளையில அக்கரைக்குச் சாமான் ஏத்திறதெண்டா திருநாள் ராத்திரிதான் நல்லது, நேவிக்காரனும் சாமி பாக்கப் போயிடுவான்" என்று தொடங்கி, சுவாமியாரின் மண்டபம் என்பது நினைவு வந்து இருமினார். "எப்பிடியோ, தொழில்."

"அப்ப என்ரை மோனுக்கும் தொழில் இருக்கு" என்றார் திரேசம்மா. "ஆடி வெய்யிலில ஏசி பழுதாகிக் கிழடு கட்டையள் அவிஞ்சு கிடக்கிற காலம். திருநாளண்டு அவன் தொழிலுக்குப் போனா முறை என்ன?"

இந்தமுறை அருள்நாயகம் நீண்ட நேரம் கண்ணை மூடியிருந்தார்.

"தொழிலுக்குப் போன மூப்பரின்ரை பிரம்பை, கலியாணம் கட்டின கிட்டின ஆண் உரித்துக்காரன் பிடிக்கலாம். மூப்பர் கரைக்கு வருமட்டும். முறை இருக்கு." பிறகு விரலை உயர்த்தினார். "ஆனா உண்மையாப் போகோணும். திருநாளண்டு ஆளைக் கரையில கண்டா, பிரம்பை அவன்ரை கையில குடுக்கோணும். அதுவும் முறை."

மண்டபத்தில் எல்லோருக்கும் விளங்கியது. கஸ்பர் இனித் திருநாளுக்கு வரமாட்டான். வந்தால் சித்தப்பாவின் கையிலிருந்து பிரம்பு போய்விடும். மேசை தூக்கவும் வரமுடியாது. அவன் தாயைப் பார்த்தான். திரேசம்மா உட்கார்ந்து பலகாரப் பெட்டியின் மூடியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

"போறன்" என்றான் கஸ்பர். "திருநாளண்டு எனக்கு வேலை இருக்கு."

வின்சன்ற் எழுந்து தொண்டையைச் செருமினார். "பிள்ளையின்ரை தொழிலை நான் தடுக்கேலாது" என்று அழுதார். அந்த அழுகை உண்மையானது. கையைக் கழுவப் போவதாகச் சொல்லி வெளியே போனார். நடைபாதையிலிருந்து அவருடைய குரல் மண்டபம் முழுவதும் கேட்டது.

"ஹலோ, பாரிஸோ? நித்திரையைக் குழப்பிப்போட்டனோ? மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் வின்சன்ற், கஸ்பரின்ரை சித்தப்பா. உங்கட பிள்ளையைப் பற்றி விசாரிச்சதில எல்லாரும் தங்கம் எண்டினம். பிரெஞ்சும் கதைப்பாவாம். வீட்டில பிரெஞ்சு தெரிஞ்ச ஒராள் இருக்கிறது எவ்வளவு நல்லது."

தாயும் மகனும் காரில் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். எக்ளின்ரன் வீதியில் சிவப்பு விளக்கில் நின்றபோது திரேசம்மா வெளியே பார்த்தபடி சொன்னார். "கொப்பர் பிரம்பு பிடிச்ச இடத்தில உன்னைக் காணத்தான் இவ்வளவு காலமும் இருந்தனான்."

"தெரியும் அம்மா. பிறகு ஏன் எழும்பினீங்கள்?"

"நீ எட்டு வயசில இருந்து அவையளுக்கு மூப்பர். எனக்கு நீ மோன். எனக்கு ஒரு மருமோள் வேணும்." விளக்கு பச்சையானது. "போ, பின்னுக்கு ஹோர்ன் அடிக்கிறான்."

கலியாணம் அந்தப் புரட்டாதியில் நடந்தது. வின்சன்ற் முன்னின்று எல்லாம் செய்தார். தான் தேடிப் பிடித்த பெண் என்று மேடையில் சொன்னார். பாரிஸ்காரர்கள் கைதட்டினார்கள். செலீன் மாப்பிள்ளையின் காதில், "சிலுவைப் போர் தப்பிச்சீர்" என்றாள். மாலைகள் மாற்றும்போது அருள்நாயகம் பிரம்பைக் கொண்டுவந்து கஸ்பரின் கையில் ஒரு படம் எடுக்கும் நேரம் கொடுத்தார். அன்று திருநாள் இல்லையாதலால் அதற்கு முறை இருந்தது. திரேசம்மா அந்தப் படத்தைச் சட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

ஊர் இப்போதும் கஸ்பரையே மூப்பர் என்கிறது. வின்சன்ற்றுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்து, ஊர்வலம் தரிப்பிடத்தை முழுதாகச் சுற்றாமல் பாதியில் திரும்புகிறது; ஆனாலும் அவர் பிரம்பை விடவில்லை. போன வருடம் மூப்பருக்கு மகள் பிறந்ததிலிருந்து அருள்நாயகம் அடிக்கடி கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். பெண்பிள்ளைக்கு முறை இருக்கிறதா இல்லையா என்பது இன்னும் வெளிவரவில்லை.

கஸ்பரும் செலீனும் வெக்ஸ்போர்ட்டில், திரேசம்மாவோடு, வரிசையாய் ஒட்டிக் கட்டிய ரவுண்ஹவுஸ் ஒன்றில் இருக்கிறார்கள். செலீன் அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். கஸ்பர் சொந்தமாக வான் வாங்கி ஃபேர்னஸும் ஏசியும் திருத்துகிறான். திருநாளன்று தாயையும் மனைவியையும் பிள்ளையையும் கோயில் வாசலுக்கு ஒரு தெரு முன்பாக இறக்கிவிட்டு அவன் வேலைக்குப் போகிறான்.